கலைமதி வூடு இதுதானுங்களா?

அந்தப் பெயரைக் காவேரி வாய் திறந்து ஒருமுறைகூடச் சொன்னதில்லை. காலையில் மாரண்டஹள்ளி பேரூராட்சி ஆபீசில் மகள் சொன்னாள், கம்ப்யூட்டர் முன்னால் இருந்த பெண் தட்டினாள், காவேரி கையெழுத்து மட்டும் போட்டாள். வேறு ஒருவருக்கும் தெரியாது. தக்காளி லோடு ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போயிருந்த வீட்டுக்காரனுக்குக்கூட இன்னும் சேதி போகவில்லை. அப்படியிருக்க, அன்று பொழுது சாய்கிற நேரத்தில் ரோட்டோரப் புளியமரத்துப் பக்கமிருந்து யாரோ அந்தப் பெயரைச் சொல்லி வீடு விசாரித்தார்கள்.

“கலைமதி வூடு இதுதானுங்களா?”

காவேரி வாசலில் உட்கார்ந்து தக்காளி தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். மறுநாள் பாலக்கோடு மண்டிக்குப் போக வேண்டிய பழம். கெட்டியானது ஒரு பெட்டியில், கனிந்தது ஒரு பெட்டியில், வெடித்தது மாட்டுக்கு. தக்காளிக் காம்பின் பச்சை வாசனையும், நனைந்த மண்ணின் வாசனையும், சொட்டுநீர்க் குழாய் எங்கோ ஓட்டையாகிச் சீறுகிற சத்தமும், பின்பக்கத்துக் கரும்புக் கொல்லையில் தோகையோடு தோகை உரசுகிற சத்தமுமாக அந்தச் சாயங்காலம் மற்ற எல்லாச் சாயங்காலங்களையும் போலத்தான் இருந்தது. கேள்வி வந்ததும் அத்தனையும் நின்றது. தோகை நின்றது. குழாய்ச் சீறல் நின்றது. காற்றில் அரக்கு உருக்கும் வாசனை வந்தது. போஸ்ட் ஆபீசில் பைக்கு முத்திரை வைக்கும்போது வருமே, அது. அதற்கு அடியில் புளித்த தாய்ப்பாலின் வாசனை. இந்த இரண்டாவது வாசனையை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

குரலில் பயப்பட ஒன்றுமில்லை. ஆணா பெண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியாது. வெயிலில் வெகுதூரம் நடந்துவந்து ஒரு சொம்புத் தண்ணீர் கேட்கிறவர்களின் குரல். மரியாதைக்குக் குறைச்சலே இல்லாத குரல். அதனால்தான் அவளுக்குக் குலை நடுங்கியது.

“அப்படி இங்க யாரும் இல்லீங்க,” என்றாள். தலையை நிமிர்த்தவில்லை.

“செரிங்க,” என்றது குரல். குழாய் மறுபடி சீறத் தொடங்கியது. காவேரி கையைப் பார்த்தாள். பிடித்திருந்த பழம் நசுங்கிச் சாறு முழங்கை வரைக்கும் வழிந்திருந்தது. எப்போது நசுக்கினாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

முன்பும் இந்தக் குரலை அவள் கேட்டிருக்கிறாள். கல்யாணமாகி முதலில் பிறந்தவன் அருண்குமார். கோயிலில் வைத்துக் காதில் பெயர் சொல்லி, கையோடு ஆபீசிலும் பதிந்து சர்டிபிகேட் வாங்கிவந்தார்கள். வாங்கிவந்த அன்று அந்தியில் வாசலில் யாரோ, “அருண்குமார் வூடு இதுதானுங்களா?” என்று கேட்டார்கள். பெற்றவளுக்குப் பெருமை தாங்கவில்லை. இத்தனூண்டுப் பயலைத் தேடிக்கூட ஆள் வருகிறதே என்று சிரித்துக்கொண்டே, “ஆமாங்க, தூங்கறான்,” என்றாள். எட்டிப் பார்த்தால் வாசலில் ஆளில்லை. விடிந்தபோது தூளியில் குழந்தை குளிர்ந்து கிடந்தது. அடுத்துப் பிறந்தவள் பிரியதர்ஷினி. அவளுக்கும் அதே வாசல், அதே கேள்வி. அந்தமுறை “ஆமாங்க” சொன்னது மாமியார். டாக்டர் மூச்சுத்திணறல் என்றார். வீட்டுக்காரன் மாதவராஜ் மஞ்சக்காமாலை என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி, கடைசியில் அதையே நம்பியும்விட்டான்.

காவேரி யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. கடைசிக் குளியலின்போது அந்தப் பிஞ்சுக் கைகளைப் பிரித்துப் பார்த்தாள். இரண்டு பிள்ளைகளுக்குமே விரல் நுனியில் ரேகை இல்லை. உள்ளங்கையிலும் இல்லை. கழுவி வைத்த தக்காளிபோல வழவழவென்று இருந்தது.

மூன்றாவதாகப் பிறந்தவளைத் துடைத்த கையோடு குப்பைமேட்டில் கிடத்தினார்கள். பக்கத்து வீட்டுப் பானுமதி, “அய்யோ, யாரு பெத்த புள்ளையோ,” என்று ஒன்றும் தெரியாதவள்போல எடுத்துக்கொண்டு போனாள். ஒரு முறம் தவிடு கொடுத்துக் காவேரி தன் பிள்ளையைத் தானே விலைக்கு வாங்கினாள். பிள்ளை தங்காத வீடுகளில் இப்படிச் செய்வதுதான். குப்பையில் கிடந்ததை, தவிட்டுக்கு வாங்கியதை, யார் தேடி வரப்போகிறார்கள்? குப்பம்மாள் என்று கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து பிறப்பைப் பதிந்தபோது பெயர் என்ற இடத்தில் காவேரி ஒன்றும் எழுத விடவில்லை. பெயரில்லாமலும் பதியலாம், பதினைந்து வயதுக்குள் வந்து ஏற்றிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். அந்த வெற்று இடம் தந்த நிம்மதியை அவளுக்குச் சாமிகூடத் தந்ததில்லை.

ஆனால் பிள்ளை வளர்ந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் குப்பம்மாள் என்றுதான் சேர்த்திருந்தார்கள். ஆஜர் எடுக்கும்போது அந்தப் பெயர் வந்ததும் பின்பெஞ்சில் யாராவது மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். குப்பைவண்டியின் பாட்டைப் பாடுவார்கள். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் ஏறுகிற பெயர் சாகிறவரைக்கும் கூடவே வரும், மாற்றுவதானால் இப்போதே பிறப்புச் சான்றிதழோடு வா என்று டீச்சர் சொல்லிவிட்டார். பதினைந்து முடியவும் சில நாட்கள்தான் பாக்கி. மகள் சோற்றைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டு ஒரே ஒரு வார்த்தை சொன்னாள்.

“உசுரு குடுத்த. பேரு குடுக்கல.”

பெற்றவள் எத்தனை நேரம்தான் தாங்குவாள்? பஸ் ஏறினார்கள்.

ஆபீசில் கம்ப்யூட்டர் பார்க்கிற சகாயமேரி நல்ல பெண். பொறுமையாகத்தான் கேட்டாள். “வூட்டுல கூப்பிடற பேரையும் சேத்து, குப்பம்மாள் என்கிற கலைமதின்னு போட்ரட்டுங்களா அக்கா? நெறைய பேரு அப்படித்தான் போடறாங்க.”

மேசைக்கு அடியில் மகளின் கை காவேரியின் கையைப் பிடித்து நெரித்தது. காவேரிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று தெரியும். ‘ஆமாங்க, போடுங்க’ என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. குப்பை மேலே கிடந்தால் அடியில் இருப்பது யார் கண்ணுக்கும் படாது. ஆனால் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தில் இப்படி ஒரு ஆசையைப் பார்த்ததில்லை.

“வேணாங்க. ஒத்தப் பேரே போதும்.”

புளியமரத்துக் குரல் வந்த மறுநாள், முதல் பஸ்ஸுக்கே அதே ஆபீசின் வாசலில் போய் நின்றாள். பூட்டுத் திறந்ததும் சகாயமேரியின் பின்னாலேயே நுழைந்தாள்.

“நேத்துப் போட்ட பேரை எடுத்துரும்மா.”

“மாத்தணுமுங்களா?”

“எடுக்கணும். முன்ன மாதிரியே வெறுமனே கெடக்கட்டும்.”

சகாயமேரி சிரிக்கப் பார்த்தாள். எதிரே இருந்த முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. “அக்கா, வெறுமனே இருந்தா பேரு ஏத்தறதுக்கு வழி இருக்குது. ஏத்துனதை வெறுமனே ஆக்கறதுக்கு வழி இல்லீங்க. இந்தக் கம்ப்யூட்டர்ல அதுக்கு எடமே கெடையாது.”

“அப்ப குப்பம்மாளையாவது முன்னால சேத்துரு.”

“நேத்தே சொல்லியிருந்தீங்கன்னா ஆச்சு. இனி கெஜட்டுக்குத்தான் எழுதிப் போடணும். மாசக்கணக்குல ஆவும்.”

“ஆளு செத்துப்போனாக்கூட எடுக்க மாட்டீங்களா?” கேட்டுவிட்டுத் தன் நாக்கைத் தானே கடித்துக்கொண்டாள்.

“செத்தாலும் பொறப்புல பேரு அப்படியேதாங்க இருக்கும். பேருக்குச் சாவு கெடையாது,” என்றாள் சகாயமேரி, ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு.

பஸ்ஸில் திரும்பும்போது காவேரி அதையே நினைத்துக்கொண்டு வந்தாள். வீட்டில் அருண்குமார் பெயரையும் பிரியதர்ஷினி பெயரையும் யாரும் எடுப்பதில்லை. தூளிக் கயிற்றைக்கூட அறுத்துக் கிணற்றில் போட்டாயிற்று. ஆனால் அந்த ஆபீசுக்குள் எங்கோ இரண்டு பேரும் இன்னும் பெயரோடு இருக்கிறார்கள். இப்போது மூன்றாவதும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

பானுமதி வாசலில் மாவு சலித்துக்கொண்டிருந்தாள். காவேரியைப் பார்த்ததும் வாயெல்லாம் சிரிப்பு. “உம்மவ காத்தால சாக்லேட் குடுத்துட்டுப் போனா. இனி கலைமதின்னுதான் கூப்பிடணுமாம்ல! கூடவே ஆளுங்க வேற தேடி வந்துட்டாங்க. கலைமதி வூடு எதுன்னாங்க. அந்தச் சீட்டுக் கூரை போட்ட வூடுதான்னு கையக் காட்டுனேன்.”

“யாரு கேட்டா?”

“யாருன்னு...” பானுமதியின் கையில் சல்லடை நின்றது. “பாக்கலியே காவேரி. மாவு சலிச்சுக்கிட்டே சொன்னேன். தலை நிமுந்தப்ப யாரையும் காணோம்.” மூக்கைச் சுளித்தாள். “உனக்கு எதாச்சும் வாசனை வருதா?”

அன்று மகள் பள்ளிக்கூடத்திலிருந்து குதித்துக்கொண்டு வந்தாள். எச்.எம். சான்றிதழைப் பார்த்துப் பெயரை மாற்றிவிட்டாராம். மத்தியானமே டீச்சர் புதுப் பெயரைச் சொல்லி ஆஜர் எடுத்தாராம். ஒருத்திகூடச் சிரிக்கவில்லையாம். சொல்லிவிட்டுக் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு உள்ளே போனாள். காவேரி வாசலிலேயே நின்றாள். வெளிச்சம் கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளிலிருந்து சாம்பலுக்கு மாறி, புளியமரம் இருந்த இடம் முதலில் மங்கி, பிறகு தக்காளிக்கு ஊன்றிய குச்சிகள் மங்கி, வாசல் மூங்கில் படல் மட்டும் தெரிகிற நேரம் வந்தது. குழாய்ச் சீறல் நின்றது.

“கலைமதி வூடு இதுதானுங்களா?”

புளியமரத்துப் பக்கமிருந்து இல்லை. படலிலிருந்து. படலுக்கு அந்தப் பக்கம் யாருமில்லை. ஆனால் யாரோ சாய்ந்து நிற்பதுபோல மூங்கில் உள்பக்கமாக வளைந்திருந்தது.

“இல்லீங்க.”

“பள்ளிக்கூடத்துல இந்த வெலாசந்தானுங்க குடுத்துருக்குது.”

“இல்லைன்னா இல்ல. அப்படிப் பேருல இங்க யாருமில்ல. போயிருங்க.”

நேற்றுப்போல உடனே பதில் வரவில்லை. எதையோ எடுத்துச் சரிபார்க்கிறவர்கள்போலச் சற்றுத் தாமதித்து, “செரிங்க,” என்றது. மூங்கில் நிமிர்ந்துகொண்டது.

காவேரி உள்ளே ஓடி, மகளின் பையிலிருந்து சான்றிதழை உருவி அடுப்பில் போட்டாள். எரிந்து சுருள்கிற நேரத்தில் மகள் வந்துவிட்டாள். அலறவில்லை, அழவில்லை. போனை எடுத்துக் காட்டினாள். அதில் அதே சான்றிதழ், அதே முத்திரையோடு பளிச்சென்று இருந்தது.

“எத்தினி எரிப்ப? நெட்ல இருக்குது. எத்தினி வேணும்னாலும் வரும்.”

அன்றைக்குத்தான் காவேரி எல்லாவற்றையும் சொன்னாள். அண்ணனைச் சொன்னாள், அக்காளைச் சொன்னாள், வாசல் கேள்வியைச் சொன்னாள். வழவழத்த விரல்களையும் சொன்னாள். மகள் கேட்டுக்கொண்டே இருந்தாள். அம்மாவின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பயந்த குழந்தையைத் தேற்றுவதுபோல அவள் தேற்றியதுதான் காவேரிக்குத் தாங்கவில்லை.

“மஞ்சக்காமாலைன்னு அப்பா சொன்னாரும்மா.”

“அவரு ஊர்லயே இல்ல கண்ணு அப்ப. விளக்கு வெக்கற நேரத்துல யாரு கேட்டாலும் வாயைத் தொறக்காத. எனக்கு அது ஒண்ணு போதும். தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு.”

பண்ணினாள். பண்ணிவிட்டு எழுந்து போகும்போது, சொல்லலாமா வேண்டாமா என்று நின்று சொன்னாள். “ஒருத்தராச்சும் இந்த வாசல்ல வந்து, என்னைய நல்ல பேரைச் சொல்லித் தேட மாட்டாங்களான்னு நான் எத்தினி நாளு ஏங்கியிருக்கேன் தெரியுமா?”

மாதவராஜ் வந்ததும் காவேரி அவன் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சினாள். ஆதாரில் மாற்ற வேண்டாம், அது ஒன்றாவது குப்பம்மாளாகவே இருக்கட்டும் என்றாள். அவன் கெட்டவனில்லை. அவள் தலையில் கைவைத்துக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்தான். “ஒண்ணுல ஒரு பேரு, இன்னொண்ணுல இன்னொரு பேருன்னா புள்ள நாளைக்குக் காலேஜுக்கு அலையும் காவேரி. எல்லாத்துலயும் ஒண்ணா இருக்கணும்,” என்றான். மூவருமாக வண்டியில் பாலக்கோடு போனார்கள்.

ஆதார் மையத்தில் காவேரியைத்தான் முதலில் விரல் வைக்கச் சொன்னார்கள். அந்தக் கண்ணாடி பச்சையாக மின்னியது, மறுத்தது. துடைத்து வைத்தாள், மறுத்தது. தக்காளிக் கறையும் மருந்துத் தண்ணீரும் தின்றுவிட்ட விரல்கள். பதிகிறவர், “உங்களுக்கு ரேகையே தேஞ்சுபோச்சுங்கம்மா,” என்றார். மகளுக்கும் மறுத்துவிட வேண்டும் என்று காவேரி எல்லாச் சாமியையும் கூப்பிட்டாள். மகள் கட்டை விரலை வைத்தாள். முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டது.

“மாறினதும் மெசேஜ் வரும்,” என்றார் அவர். மாதவராஜ் வீட்டில் இறக்கிவிட்டு லோடுக்குப் போனான்.

அதற்குப் பிறகு குரல் வரவில்லை. அதுதான் அவளைக் கொன்றது. தினமும் வெயில் இறங்குவதற்கு முன்பே மகளை உள்ளே இழுத்துப் போட்டு முன்கதவைத் தாழிட்டு, கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருப்பாள். படல் சும்மா இருந்தது. புளியமரம் சும்மா இருந்தது. அது எங்கோ உட்கார்ந்து, அவளைப்போலவே, மெசேஜ் வருவதற்காகக் காத்திருக்கிறது என்று தோன்றியது. சோறு இறங்கவில்லை. பழம் பெட்டியிலேயே அழுகியது. அம்மா பாவம் என்று மகளே சமைத்தாள், மகளே மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள்.

அன்று மழைக்குக் கட்டியிருந்தது. கரண்ட் இல்லை. வீட்டுக்குள் அழுகின தக்காளியின் புளிச்ச வாசனையும், சீட்டுக் கூரையின் சூடும், எங்கோ பல்லி ஓடி நிற்கும் சத்தமும் இருந்தன. காவேரி முன்கதவின் தாழைத் தொட்டுப் பார்த்துவிட்டு உட்கார்ந்தாள். கேள்வி எப்போதும் முன்வாசலில்தான் வந்தது என்பதால் பின்கதவை அவள் கண்டுகொள்ளவில்லை. பின்பக்கம் மகள் தொட்டியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். போன் ஒருமுறை ஒலித்தது.

“அம்மா! ஆதார்ல மாறிடுச்சு! இனி குப்பம்மாள் எதுலயும் இல்ல!”

காவேரி எழ முயன்றாள். தாழைப் பிடித்துப் பாதி நிமிர்ந்தாள்.

கூரைச் சூட்டின் முறுமுறுப்பு நின்றது. பல்லி நின்றது. தொட்டித் தண்ணீரின் சத்தம் நின்றது. அரக்கு வாசனை கதவிடுக்கு வழியாக வந்து மூக்கில் ஏறியது. பின்னாலேயே அந்தப் பால் வாசனை.

“கலைமதி வூடு இதுதானுங்களா?”

கதவுக்கு அந்தப் பக்கம். பலகை ஒன்றுதான் நடுவில். அவள் காதுக்கு நேரே.

“இல்லீங்க.”

“ஆதார்ல இதுதானுங்களே இருக்குது.”

“தப்பா இருக்குது. இங்க இருக்கறது குப்பம்மாளுங்க. குப்பையில கெடந்த புள்ளைங்க. தவிட்டுக்கு வாங்குனது.”

“அப்படி ஒரு பேரு எதுலயும் இல்லீங்களே.”

உண்மைதான். அவளே கையெழுத்துப் போட்டு, அவளே கூடப் போய் அழித்த பெயர். இதுவரை அவள் சொன்ன ‘இல்லீங்க’வில் கொஞ்சமாவது உண்மை இருந்தது. இன்றைக்கு அது பொய். அந்தக் குரலுக்கும் அது தெரியும்.

“நாந்தாங்க,” என்றாள் காவேரி. நெற்றியைக் கதவில் அழுத்திக்கொண்டாள். “நீங்க தேடறது என்னையத்தான். என்னையக் கூட்டிக்கிட்டுப் போங்க. சாமி, என்னைய.”

“நீங்க காவேரிங்க,” என்றது குரல். இரக்கமாகத்தான் சொன்னது.

அவள் புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டாள். பேசக்கூடாது. யாரும் பேசக்கூடாது. ஒரு பதிலும் போகக்கூடாது. விளக்கு வைக்கிற நேரம் கழிந்துவிட்டால் போதும். வாயைக் கட்டிக்கொண்டு இந்த ஒரு பொழுதைத் தாண்டிவிட்டால் போதும்.

“கலைமதி இருக்காங்களா?” என்றது குரல். சற்று உரக்க. வீட்டின் பின்பக்கம் வரை கேட்கும்படி.

காவேரி தலையைத் திருப்பினாள். வேண்டாம் கண்ணு. வேண்டாம்.

“நாந்தாங்க கலைமதி!” என்றாள் மகள், பின்பக்கமிருந்து. ஈரக்கையைப் பாவாடையில் துடைக்கிற சத்தம். குரல் முழுக்கச் சிரிப்பு. “இருங்க, வர்றேன்!”

“செரிங்க.”

அது பின்பக்கமிருந்து வந்தது.

ஓடினாள். பெட்டி தட்டியது. விழுந்தாள். முழங்காலால் நகர்ந்தாள். பழம் நசுங்கியது. கை வழுக்கியது. எழுந்தாள். இருட்டு. சுவர். இன்னும் சுவர். பின்கதவு விரியத் திறந்து கிடந்தது.

மகள் நிலைப்படியில் நின்றிருந்தாள். முதுகு இந்தப் பக்கம். முகம் கரும்புக் கொல்லைப் பக்கம். வலது கை முன்னால் நீட்டியிருந்தது. கட்டை விரல் மட்டும் கீழே அழுந்தியிருந்தது, காற்றில், எதன் மேலேயோ.

“குப்பம்மா!”

திரும்பவில்லை.

காவேரி தோளைப் பிடித்து இழுத்தாள். எதிர்ப்பே இல்லாமல் திரும்பினாள். மூச்சு இருந்தது. உடம்பில் சூடு இருந்தது. கண் திறந்திருந்தது. அந்தக் கண் அம்மாவைப் பார்த்தது, ரோட்டில் போகிற யாரையோ பார்ப்பதுபோல.

“குப்பம்மா. குப்பி. கண்ணு. அம்மாடா.”

ஒன்றுக்கும் அசைவில்லை. காவேரி அந்தக் கையைத் தூக்கி, கட்டை விரலைத் தன் விரலால் தடவினாள். பிறகு மற்ற விரல்களை. பிறகு உள்ளங்கையை. வழவழவென்று இருந்தது.

கூப்பிட இன்னும் ஒரே ஒரு பெயர்தான் பாக்கி. அதை அவள் வாய் ஒருநாளும் சொன்னதில்லை. சொன்னாள்.

“கலைமதி!”

“ஏம்மா?”

மகளின் குரல். அவளேதான். ஆனால் கையில் இருந்தவளின் உதடு அசையவில்லை. பதில் கரும்புக் கொல்லையிலிருந்து வந்தது.

“கலைமதி!”

“ஏம்மா?” நடந்துகொண்டே பேசுகிறவளின் மூச்சு. கொல்லைக்கு அந்தக் கோடியில்.

கூப்பிட்டால் தூரம் போகிறது. கூப்பிடாவிட்டால் எங்கே என்றே தெரியாமல் போய்விடும். காவேரி மகளின் உடம்பை இரண்டு கையாலும் நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு கூப்பிட்டாள். தொண்டை கிழியக் கூப்பிட்டாள். பதினைந்து வருஷம் கூப்பிடாததையெல்லாம் சேர்த்துக் கூப்பிட்டாள். ஒவ்வொருமுறையும் பதில் வந்தது. ஏம்மா. ரயில் ரோட்டுப் பக்கமிருந்து. ஏம்மா. ஏரிக்கரைக்கு அப்பாலிருந்து. கூப்பிட்ட பெயரில் பூரித்துப்போன பெண்ணின் குரல், ஒவ்வொருமுறையும் இன்னும் சின்னதாக.

கையில் இருந்தவள் கண்கொட்டாமல் அம்மாவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், தனக்கும் அங்கிருந்து ஏதாவது ஒரு பெயர் வரும் என்று காத்திருப்பவள்போல.